பதினொன்றாவது கேட்

ஆஸ்திரேலியாவில் வாராபின் நகரத்துத் தபால் நிலையத்திலிருந்து கில்டோரா பண்ணை வீட்டு வாசல் வரை எண்பத்து நான்கு மைல். 1974ஆம் ஆண்டில் அந்த மண் சாலையில் பதினைந்து கேட்கள் இருந்தன. பதினாறு என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் முப்பதாவது மைலில் வேலிக்கு வெளியே சாய்ந்து கிடந்த பழைய கேட்டையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதை யாரும் திறந்ததில்லை, சாத்தியதுமில்லை. பதினைந்துதான் சரி.

சாலை ஒருவர் நிலத்திலிருந்து அடுத்தவர் நிலத்துக்குள் நுழையும் இடத்தில் கேட் இருக்கும். வண்டி ஓட்டுபவர் நிறுத்துவார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இறங்கித் திறப்பார், வண்டி உள்ளே போனதும் சாத்திவிட்டு ஏறிக்கொள்வார். தனியாக வருபவருக்கு இரட்டை வேலை. இறங்கித் திறந்து, ஏறி வண்டியை உள்ளே எடுத்து, மறுபடி இறங்கிச் சாத்தி, மறுபடி ஏற வேண்டும். ப்ரோனே மத்துலியோனிஸின் இடம் பதினொன்றாவது கேட். நகரத்துக்குப் போய்த் திரும்ப அவள் நாற்பத்து நான்கு முறை இறங்கி ஏறினாள். மாதத்தில் இரண்டு முறை போனாள். 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலிருந்து அவளுக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

ஆனாலும் அந்த கேட்டை அவள் பெயரால் யாரும் சொன்னதில்லை. அது ப்ரவுஸ் கேட். அந்த இடம் ப்ரவுஸ் இடம். சிட்னி ப்ரவுஸ் என்பவர் இரண்டு வறட்சிகளைத் தாங்கி, மூன்றாவதைத் தாங்க முடியாமல் 1952இல் கடலோரம் போய் மீன் கடை வைத்துவிட்டார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் யூர்கிஸும் ப்ரோனேயும் வங்கியிடமிருந்து அதை வாங்கினார்கள். லிதுவேனியாவிலிருந்து ஜெர்மானிய முகாம்கள் வழியாகக் கப்பலேறி 1949இல் வந்தவர்கள். யூர்கிஸ் ரயில் பாதையில் கட்டை போட்டான், ப்ரோனே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை துவைத்தாள். நான்கு வருடச் சேமிப்பு அந்த நிலத்துக்குள் போயிற்று. வந்த வாரமே பக்கத்து நிலத்துக்காரரின் மனைவி ஆல்மா டன்ஸ்டன் ஒரு தட்டில் ஸ்கோன் ரொட்டியும் ஒரு ஜாடியில் ஆப்ரிகாட் ஜாமும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ப்ரவுஸ் எடத்துக்கு ஆள் வந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நல்லதாப் போச்சு கண்ணு. வெளக்கு எரியாம கெடந்த வீடு."

ப்ரோனேக்கு அப்போது ஆங்கிலம் அரைகுறை. பேர் கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தாள். ஆல்மா கேட்கவில்லை. தட்டை மட்டும் திரும்பக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

இதற்கெல்லாம் காரணம் பாட்டுதான்.

தெற்கே மலைநாட்டுக்காரர் ஒருவர் தன் ஊர்ச் சாலையின் ஒன்பது கேட்களை வரிசையாகப் பாடி 1950இல் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். ஓட்டுபவர் பாடுகிற பாட்டு அது. ஒவ்வொரு கேட்டிலும் நான்கு வரி.

இறங்கு தோழா, கொக்கியை எடு,
இது ப்ரவுஸ் கேட், மெல்லத் தள்ளு,
ஆடு வெளியே போகும் முன்னே
சாத்திவிட்டு வந்து ஏறு.

பெயர் மட்டும் கேட்டுக்குக் கேட் மாறும். ஒரு கேட்டுக்கும் அடுத்த கேட்டுக்கும் நடுவில் கூட்டத்தார் காலால் தரையை இரண்டு முறை ஓங்கி மிதிப்பார்கள். அதுதான் கேட் சாத்துகிற சத்தம். இசைத்தட்டு வந்த இரண்டு வருடத்துக்குள் அந்தப் பக்கத்துச் சாலைகளில் தனக்கென்று ஒரு பாட்டு வைத்துக்கொள்ளாத சாலை குறைவு. மெட்டு அதே மெட்டு, கேட் அவரவர் கேட். வாராபின் சாலைக்குப் பெயர்களைக் கோத்துக் கொடுத்தவர் பன்னிரண்டாவது கேட்காரரான கிளாரி டன்ஸ்டன், ஆல்மாவின் கணவர். தேதி 1951 அக்டோபர் 6. அப்போது பதினொன்றில் ப்ரவுஸ்தான் இருந்தார். அதனால் பாட்டில் ப்ரவுஸ் உட்கார்ந்தார்.

அதோடு நிற்கவில்லை. அந்தப் பாட்டுத்தான் சாலையின் வரைபடம். புதுத் தபால்காரரோ கால்நடை மருத்துவரோ வழி கேட்டால், "பாட்டை நெனப்பு வச்சுக்கிட்டே போங்க, தப்பாது" என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாட்டுக்கு முன்னால் பதினைந்து கேட்டும் மனப்பாடம். ஆண்டுதோறும் மார்ச் மாதக் குதிரைப் பந்தயத்துக்கு மறுநாள் எட்டாவது மைலில் இருக்கும் தகரக் கூரை மன்றத்தில் எல்லோரும் கூடுவார்கள், கிளாரி பாடுவார். அதற்கு ஒரு விதி உண்டு. பாடுபவர் ஒரு கேட்டை விட்டுவிட்டாலோ வரிசை மாற்றினாலோ, அந்தச் சாலையில் குடியிருக்கும் யார் வேண்டுமானாலும் "கேட் தெறந்து கெடக்கு" என்று கத்தலாம். கத்திவிட்டால் பாட்டு அங்கேயே நின்றுவிடும், முதல் கேட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கிளாரிக்கு எதிராக யாரும் கத்தியதில்லை. அவர் தப்பு விட்டதில்லை.

பெயர் மாற்றம் பற்றி யூர்கிஸ் ஒரு முறை கேட்டான், 1955இல், வேலி கட்டிக்கொண்டிருந்தபோது. யூர்கிஸ் என்ற பெயரை ஜார்ஜ் ஆக்கிக் கூப்பிடும் கிளாரி, கம்பியை முறுக்கிக்கொண்டே சிரித்தார்.

"பேரு மாறணும்னா அந்த வீட்டுலருந்து ஒருத்தர் பொணமாப் போகணும், ஜார்ஜ். அதுதான் இங்க வழக்கம்."

1958 ஆகஸ்டு 14, வியாழக்கிழமை, யூர்கிஸ் கிணற்றுக் காற்றாலையில் ஏறி இறகுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தான். வயது நாற்பத்தொன்று. சாலையே திரண்டு வந்தது. கிளாரி தன் கையால் குழி வெட்டினார். ஆல்மா மூன்று ராத்திரி ப்ரோனேயோடு படுத்துக்கொண்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வாரம் நகரத்துப் பத்திரிகையில் மரண அறிவிப்பு வந்தது. 'ப்ரவுஸ் இடத்தைச் சேர்ந்த திரு. ஜே. மத்துலியோனிஸ்' என்று போட்டிருந்தது.

ப்ரோனே அதை மூன்று முறை படித்தாள். செத்தவன் எந்த இடத்துக்காகச் செத்தானோ அந்த இடமும் அவனுடையது இல்லை என்று அச்சில் வந்திருந்தது. அன்றைக்கே முடிவு செய்தாள். கல்லறையில் பெயர் வெட்டுவதோடு இது முடியப் போவதில்லை. பாட்டில் வர வேண்டும்.

மறு மார்ச்சில் கிளாரியிடம் போய்க் கேட்டாள். "நீங்க சொன்ன வழக்கப்படி ஒருத்தர் போயிட்டாரு. இப்ப மாத்துங்க."

கிளாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். உண்மையாகவே யோசித்தார். வாய்க்குள் பாடிப் பார்த்தார்.

"உக்காரல, ப்ரோனி. ப்ரவுஸ்னா தாளத்துல ஒரு அடி. எங்க பேரு ரெண்டு. இந்த ரோட்டுலயே பெருசு ஹாலரன், அது மூணு. உன் பேரு மத்து-லியோ-னிஸ்னு நாலுக்கு மேல இழுக்குது. வேணா மேட்னு போட்டுக்கலாமா? மேட் கேட். கேக்கவும் நல்லா இருக்கு."

"என் வீட்டுக்காரர் பேரு மேட் இல்ல."

"அப்ப மெட்டு தாங்காது கண்ணு. நான் என்ன செய்ய?"

மெட்டு தாங்குமா தாங்காதா என்று பார்த்துவிடுவது என்று அன்று தொடங்கினாள். வானொலியில் எந்த ஊர்க்காரர் அந்த மெட்டைப் பாடினாலும் நிலையத்துக்குக் கடிதம் எழுதினாள். எழுத்துப் பிழைகள் இருந்திருக்கும், ஆனால் கேள்வி தெளிவாக இருந்தது: உங்கள் ஊர்ப் பாட்டில் எத்தனை கேட், எந்தப் பெயர் நீளம், அதை எப்படிப் பாடுகிறீர்கள். பதில் வந்தது. இசைத்தட்டு வந்தது. சிலர் பாட்டை மட்டும் எழுதி அனுப்பினார்கள். கம்பளி விற்ற காசில் முதலில் ஆட்டு மருந்து, பிறகு மாவு, பிறகு அஞ்சல் தலை. 1973 முடிவில் அவளிடம் முப்பத்தொரு பாட்டு இருந்தது. பாடிய ஊர், பாடியவர், கேட் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றின் உறையிலும் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்.

அவற்றைக் கேட்டால் உலகம் தன் கதவுகளை எப்படி வைத்திருக்கிறது என்று தெரிந்தது. டெக்சாஸில் வண்டியின் முன்பக்கத்தால் முட்டினாலே திறந்து தானாகச் சாத்திக்கொள்கிற கேட் இருந்தது. அந்த ஊர்ப் பாட்டில் யாரும் இறங்குவதே இல்லை, பாட்டு முழுக்கச் சோம்பேறித்தனத்தின் பெருமை. அயர்லாந்துக்காரர்கள் கேட்டை எடுத்துவிட்டுச் சாராயக் கடைகளைப் போட்டிருந்தார்கள். ஏழாவது கடைக்கு மேல் வரிசை குழம்ப வேண்டும் என்பதே அங்கே விதி. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் கேட்டுக்குப் பதில் ஆற்றுத் துறைகள், காலை மிதிப்பதற்குப் பதில் கையைத் தட்டுவார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சாலையில் மொத்தம் இரண்டே கேட், நடுவே நூற்றுப் பத்து மைல். அந்த இடைவெளிக்குப் பாடகர் சும்மா சீட்டியடித்துக்கொண்டிருந்தார். கனடாவில் ஆல்பர்ட்டா பக்கம் குடியேறிய உக்ரேனியர்கள் மொத்தப் பாட்டையும் தங்கள் மொழியிலேயே பாடியிருந்தார்கள். அதைக் கேட்ட அன்று ப்ரோனே தானும் லிதுவேனிய மொழியில் ஒன்று எழுத உட்கார்ந்தாள். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. பதினைந்து கேட்டும் இங்கே இருந்தன. அவற்றைத் திறந்த கையும் இங்கேதான் காய்த்துப் போயிருந்தது. வேறு மொழியில் பாடினால் யார் இறங்கிச் சாத்துவது?

அவள் தேடியது முப்பத்தொன்றில் ஒன்றில் கிடைத்தது. நியூசிலாந்தின் வடக்கு முனையில் கோரா என்கிற பெண் பாடியது, 1968. அந்தச் சாலையில் ஐந்து தாள அடி நீளத்துக்கு ஒரு மாவோரிக் குடும்பப் பெயர் வந்தது. கோரா அதைக் குறுக்கவில்லை. 'இறங்கு தோழா' வரியை விட்டுவிட்டு, முந்தைய கேட்டுக்கான இரண்டு மிதி விழும்போதே பெயரின் முன்பாதியைத் தொடங்கி, தன் வரிக்குள் பின்பாதியை இறக்கினாள். தட்டிச் சாத்துகிற சத்தத்தின் மேலேயே பெயர் ஏறி உட்கார்ந்துகொண்டது. ப்ரோனே அந்த இடத்தை நாற்பது முறையாவது போட்டுக் கேட்டிருப்பாள். பிறகு ஆடு மேய்க்கும்போது தன் பெயரைப் போட்டுப் பாடிப் பார்த்தாள். அவள் குரல் காக்கைக் குரல். ஆனால் உட்கார்ந்தது.

1971இல் அந்தத் தட்டையும் பேட்டரியில் ஓடும் தன் இசைத்தட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு டன்ஸ்டன் வீட்டுக்குப் போனாள். அரை மைல்தான். ஆல்மா தேநீர் ஊற்றினாள். கிளாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த இடம் வந்ததும் அவர் விரல் மேசையில் நின்றது.

"இன்னொரு தடவ போடு," என்றார்.

போட்டாள்.

"நல்லாத்தான் பாடுறா. ஆனா அது நியூசிலாந்து."

"மெட்டு இதே மெட்டு, கிளாரி. எடம் இருக்கு. நீங்க மூச்சு விடுற எடத்துல இருக்கு."

கிளாரி எழுந்து வெளியே போய்விட்டார். நாயைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நாய் ஏற்கெனவே அவர் காலடியில்தான் இருந்தது.

"அவரு பிடிவாதம் உனக்குத் தெரியாததா?" என்றாள் ஆல்மா. "விட்டுரு ப்ரோனி. ஒரு பேருதான. எல்லாருக்கும் உன்னத் தெரியும்."

"உங்கள யாராவது முந்தி இருந்தவங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டா விட்டுருவீங்களா?"

ஆல்மா காலிக் கோப்பைகளை அடுக்கினாள். ப்ரோனே புறப்படும்போது சர்க்கரைக் கிண்ணத்தை மூடிக்கொண்டே, "நாங்க வர்றதுக்கு முந்தி இது ஸ்கோபி எடம். பதினோரு வருசம் ஸ்கோபின்னே சொன்னாங்க. இவரு பாட்டு கட்டுனாரு, அப்புறம்தான் டன்ஸ்டன் ஆச்சு," என்றாள்.

1974 தொடக்கத்தில் செய்தி வந்தது. நகரத்து வானொலியிலிருந்து ஹாஸ்வெல் என்பவர் ஒலிப்பதிவு இயந்திரத்தோடு வருகிறார். இந்தப் பாட்டின் ஊர் ஊரான வடிவங்களில் பன்னிரண்டைப் பொறுக்கி ஒரே இசைத்தட்டாக வெளியிடப் போகிறார்கள். வாராபின் சாலையும் அதில் ஒன்று. பந்தயத்துக்கு மறுநாள், மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்குப் பதிவு.

தட்டில் ஏறிவிட்டால் ஏறியதுதான். பிறகு யார் எந்த ஊரில் பாடினாலும் அந்தத் தட்டைப் பார்த்துத்தான் பாடுவார்கள். ப்ரோனேக்கு அது நன்றாகத் தெரியும். முப்பத்தொரு உறையும் அவளுக்கு அதைத்தான் சொல்லியிருந்தன.

அன்று மன்றத்தில் எழுபத்து மூன்று பேர். ப்ரோனே உருளைக்கிழங்கைத் துருவி, பன்றிக் கொழுப்போடு சுட்ட குகேலிஸ் ஒரு தட்டம் கொண்டுபோய் உணவு மேசையில் வைத்தாள். பிறகு நேராக முன் வரிசையில் போய் உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் உட்காரும் இடம் அடுப்பங்கரைக் கதவு ஓரம்.

ஹாஸ்வெல் சுமார் முப்பது வயதுக்காரர், வியர்த்துக்கொண்டே இருந்தார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. "மழை வந்துட்டா தகரக் கூரைச் சத்தத்துல ஒண்ணும் பதிவாகாது. அதோட இந்தக் கரிசல்ல என் வண்டி நகராது. நாளைக்குக் காலைல நான் வேற ஊர்ல இருக்கணும். சீக்கிரம் முடிச்சுரலாம்," என்றார்.

கிளாரி மேடையேறினார். வயது அறுபத்தாறு. வெள்ளைச் சட்டை, பந்தயத்துக்குப் போடுகிற கழுத்துப்பட்டை. பாட்டு தொடங்கியது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டத்தார் ஒரே காலாக மிதித்தார்கள். பத்து முடிந்தது. இரண்டு மிதி. கிளாரி மூச்சை இழுத்து 'இறங்கு தோழா' வரியைப் பாடினார்.

"இது ப்ரவுஸ் கேட்..."

"கேட் தெறந்து கெடக்கு," என்றாள் ப்ரோனே.

கத்தவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பாட்டு நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

"ப்ரோனி, நான் எதையும் விடலயே. பத்துக்கு அப்புறம் பதினொண்ணு," என்றார் கிளாரி.

"பதினொண்ணுல ப்ரவுஸ் இல்ல. இருபத்திரண்டு வருசமா இல்ல. அவரு மீன் வித்துக்கிட்டு இருக்காரு. அவரு கேட்டு எங்க இருக்கோ அங்க போய்ப் பாடுங்க."

"அது சும்மா எடத்தோட பேருதானம்மா," என்றார் தபால் வண்டி ஓட்டுகிற ஸ்டான் விக்கரி. "யாரு அதப் பெருசா எடுத்துக்கிறா?"

"நான் எடுத்துக்கிறேன். நான் இந்த ரோட்டுல குடியிருக்கேனா இல்லியா, ஸ்டான்? வாரம் ரெண்டு தடவ என் பெட்டில தபால் போடுறியே, உறைல என்ன பேரு இருக்கு?"

ஸ்டான் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

"விதின்னா விதி," என்று பின்வரிசையிலிருந்து ஹாலரன் வீட்டுப் பெரியவர் சொன்னார். "கத்தியாச்சு. முதல்லருந்து, கிளாரி."

கிளாரி முதல் கேட்டிலிருந்து தொடங்கினார். முகம் சிவந்திருந்தது, ஆனால் ஒரு பெயர் பிசகவில்லை. பத்து முடிந்தது. இரண்டு மிதி.

"இது ப்ரவுஸ்..."

"கேட் தெறந்து கெடக்கு."

ஹாஸ்வெல் பதிவைக் கேட்கும் காதுக் கருவியைக் கழற்றினார். "ஒரு யோசனை. பதினஞ்சும் வேணுமா? ஒம்பதோட நிறுத்திக்கலாமே. மூலப் பாட்டுலயும் ஒம்பதுதான்."

பத்திலிருந்து பதினைந்து வரைக்குமான ஆறு குடும்பங்களும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தன. அவர் காதுக் கருவியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

கிளாரி மேடை ஓரத்துக்கு வந்து குனிந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். முன்வரிசைக்கு மட்டும் கேட்டது.

"ஏம்மா, இப்படி எல்லார் முன்னாடியும் நிக்க வைக்கிறே?"

"பதினஞ்சு வருசம் தனியாத்தான் வந்து கேட்டேன், கிளாரி."

"முடியாது ப்ரோனி."

"ஏன்?"

அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "பத்துக்கு அப்புறம் விடுற மூச்சுதான் எனக்கு. உன் கேட்டுக்கும் என் கேட்டுக்கும் அரை மைல்தான்னு நான்தான் அந்த ரெண்டையும் நடுவுல மிதி இல்லாம சேத்துக் கட்டினேன். அந்த எடத்துல உன் பேரப் போட்டா, பத்துலருந்து பன்னெண்டு முடியறவரைக்கும் மூச்சு கெடையாது. முன்னாடின்னா இழுத்திருப்பேன். இப்ப நெஞ்சுல அவ்வளவு காத்து இல்ல. டாக்டர் சொல்லிட்டாரு. ஆல்மாவுக்குத் தெரியாது."

ப்ரோனே அவரைப் பார்த்தாள். பதினைந்து வருடமாக அவள் எதிரில் நின்றது மெட்டு என்று நினைத்திருந்தாள், பிடிவாதம் என்று நினைத்திருந்தாள். 1959இல் பிடிவாதமாகத்தான் இருந்திருக்கும். எப்போது அது மூச்சாக மாறியது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மனம் இளகியது. ஆனால் முடிவு இளகவில்லை.

"பாடுங்க," என்றாள். "எவ்வளவு வருதோ பாடுங்க."

"பன்னெண்டுல நின்னுட்டா?"

"என் பேருல நிக்காம பாருங்க. அது போதும்."

கிளாரி நிமிர்ந்தார். மேற்கு ஜன்னலில் வெளிச்சம் போய்விட்டிருந்தது. ஹாஸ்வெல் கையை உயர்த்தி, "இதுதான் கடைசி. மழை ஏரிக்கரை தாண்டி வந்துருச்சு," என்றார்.

மூன்றாவது முறை. ஒன்று, இரண்டு, மூன்று. தரைப் பலகையிலிருந்து தூசி எழுந்தது. ஆறாவது கேட்டில் ஹாலரன் வீட்டார் வழக்கம்போல ஒரு மிதி அதிகமாகவே மிதித்தார்கள். ஒன்பது. பத்து. பத்தின் கடைசி வரி முடிந்ததும் கிளாரி மூச்சு விடவில்லை. முதல் மிதி தரையில் விழும்போதே தொடங்கிவிட்டார்.

"மத்து..." இரண்டாவது மிதி. "லியோனிஸ் கேட், மெல்லத் தள்ளு..."

கோரா பாடிய அதே இடத்தில், அதே மாதிரி. 1971இல் இரண்டே முறை கேட்டது. மூன்று வருடமாக அவர் அதைத் தனியே பாடிப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படி உட்காராது. ஆடு வெளியே போகும் முன்னே. சாத்திவிட்டு வந்து ஏறு. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. இறங்கு தோழா, கொக்கியை எடு. அதோடு சரி. அடுத்த வரிக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கை, மேடையில் இருந்த மேசையின் விளிம்பைப் பிடித்தது. இருபத்து மூன்று வருடத்தில் கிளாரி டன்ஸ்டன் விட்ட முதல் கேட், அவருடைய சொந்த கேட்.

மன்றத்தில் எழுபத்தொரு பேருக்கு 'கேட் தெறந்து கெடக்கு' என்று கத்த உரிமை இருந்தது. யாரும் கத்தவில்லை. எதற்கும் முதலில் வாயெடுக்கிற ஸ்டான் விக்கரியும் கத்தவில்லை. கூரையில் முதல் துளி விழுந்த சத்தம் தனியாகக் கேட்டது.

"இது டன்ஸ்டன் கேட், மெல்லத் தள்ளு," என்று பாடினாள் ப்ரோனே.

உட்கார்ந்த இடத்திலிருந்தே, லிதுவேனிய நாக்கோடு, காக்கைக் குரலில். சுருதி அரைக்கால் கீழே இருந்தது. தாளம் இம்மியும் தப்பவில்லை. ஆடு வெளியே போகும் முன்னே, சாத்திவிட்டு வந்து ஏறு. கூட்டம் இரண்டு முறை மிதித்தது. அந்த மிதிக்குள் கிளாரி மூச்சை இழுத்துக்கொண்டார், பதின்மூன்றைப் பிடித்தார், பதினான்கைத் தாண்டினார், பதினைந்தில் கில்டோராவின் பெயரைச் சொல்லி முடித்தார். கடைசி மிதியும் மழையும் ஒன்றாகக் கூரையில் இறங்கின. அதற்கப்புறம் யார் என்ன பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

ஆல்மா மேடைக்குப் போய்க் கணவரின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இல்லை. "டாக்டர் என்கிட்டயும்தான் சொன்னாரு," என்று அவர் காதோடு கத்தினாள். "வாயத் தொறக்காம உக்காருங்க."

ஹாஸ்வெல் சுருளைக் கழற்றி அட்டைப் பெட்டியில் வைத்தார். பேனாவை எடுத்துக்கொண்டு மேடையோரம் வந்தார்.

"பன்னெண்டாவதுல ஒரு பெண் குரல் வருது, மிஸ்டர் டன்ஸ்டன். அத வெட்டிட்டு, மழை விட்டதும் அந்த ஒண்ண மட்டும் நீங்க திரும்பப் பாடிக் கொடுத்தீங்கன்னா ஒட்டிரலாம்."

கிளாரி தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. மூச்சு திரும்ப இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் போலிருந்தது. ஹாஸ்வெல் காத்திருந்தார்.

"அப்படியே இருக்கட்டும். அவங்க பக்கத்து எடத்துக்காரங்க."

"அப்ப அவங்க பேரையும் பெட்டி மேல எழுதணும். பேரு என்ன?"

"அதான் பதினொண்ணுல பாடுனேனே," என்றார் கிளாரி. "காதுல மாட்டியிருந்தீங்கல்ல?"

"சரியாப் பிடிபடல. கொஞ்சம் நீளமான பேரு."

"நீளந்தான். எழுதுங்க, சொல்றேன்," என்றார் கிளாரி. மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நடுவில் ஒரு எழுத்தில் தடுமாறி முன்வரிசையைப் பார்த்தார். ப்ரோனே எழுந்து வந்து பேனாவை வாங்கித் தானே எழுதினாள். மணி மூன்று ஐம்பத்திரண்டு.